எழுத்தெண்ணிப் படிக்கும் கணினி: வலை உரைத்திருத்திக்கு ஒரு செருகுநிரல்

முன்னுரை

ஒரு நூலை ஆழ்ந்து கற்றவரை ‘எழுத்தெண்ணிப் படித்தவர்’ என்று பாராட்டுவது தமிழ் வழக்கு. எழுத்தை எண்ணுதல் தமிழர்க்குப் புதிய தொழில் அன்று. கட்டளைக் கலித்துறை பாடிய புலவர்கள் அடிதோறும் எழுத்தெண்ணிப் பாடினர். நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்க 16 எழுத்துகள். நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்துகள். இக்கணக்குப் பிறழின் பாட்டு அப்பெயரை இழந்துவிடும்.

யாப்பிலக்கணம் பயிலும் மாணவர் விரல்விட்டு எண்ணி முடிக்கும் இக்கணக்கைக் கணினி பிழையாகப் போடுகிறது என்றால் கேட்போர் வியப்பர். ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் யாது எனக் கணினி நிரல் ஒன்றில் வினவினால் 5 என்று விடை வரும். அது மூன்றெழுத்துச் சொல் என்பதைத் தொடக்கப்பள்ளிச் சிறுவனும் அறிவான்.

இப்பிழை எங்ஙனம் நேர்கிறது, இதனைத் திருத்தவல்ல செருகுநிரல் ஒன்றை வலை உரைத்திருத்திக்கு எவ்வாறு ஆக்குவது, ஆக்கியதை எவ்வாறு சோதிப்பது, அச்சோதனையில் தமிழ் கற்றோர்க்கு உரிய பங்கு யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கணினியின் எழுத்தும் நம் எழுத்தும்

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன என்பது யாவரும் அறிந்ததே. கணினியோ எழுத்து என்பதை அறியாது. அது அறிந்தது எண் ஒன்றே. ஆதலின் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து வைத்தனர். உலக மொழிகள் பலவற்றின் குறிகளையும் ஒரே பட்டியலில் அடக்கும் ஏற்பாட்டிற்கு ஒருங்குறி என்று பெயர். 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. தமிழுக்கென ஒதுக்கப்பெற்ற அப்பகுதியில் 128 இடங்கள் உள்ளன. அவற்றுள் 72 நிரம்பியுள்ளன. எண்களும் சில குறியீடுகளும் இவற்றுள் அடங்கும்.

247 எழுத்துகளை 72 இடங்களில் எவ்வாறு அடக்கினர்? இந்திய மொழிகளுக்காக 1988ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற இஸ்கி என்னும் குறியீட்டு முறையை அடியொற்றி இப்பகுதி அமைக்கப்பெற்றது. அதன்படி உயிரெழுத்துகளுக்கும், க, ங, ச முதலிய அகரமேறிய மெய்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. கால், கொம்பு, கொக்கி முதலிய உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம் உண்டு. ‘கி’ என்பது ‘க’ என்னும் குறியும் இகரக் குறியும் அடுத்தடுத்து நிற்பதே. ‘க்’ என்பதும் அவ்வாறே இரு குறிகளின் சேர்க்கை.

ஈண்டு ஒரு முரண் உளது. நம் இலக்கணப்படி மெய்யே அடிப்படை. ‘க்’ என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து ‘க’ பிறக்கிறது. ஒருங்குறியிலோ ‘க’ அடிப்படை. அதன்மேல் புள்ளி ஏறி ‘க்’ பிறக்கிறது. தாயும் சேயும் இடம் மாறி நிற்கின்றனர். ‘தமிழ்’ என்பதில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் இருத்தலால் கணினி 5 என்கிறது. அது எண்ணுவது குறியிடங்களை; நாம் எண்ணுவது எழுத்துகளை. சேமிக்கும் முறையில் மற்றொரு கணக்கும் உண்டு. இணையத்தில் பெருவழக்காக உள்ள முறையில் தமிழின் ஒவ்வொரு குறியிடத்திற்கும் 3 பைட் இடம் வேண்டும். எனவே ‘தமிழ்’ என்னும் சொல் எழுத்தால் 3; குறியிடத்தால் 5; பைட்டால் 15.

ஓர் எழுத்துக்கு ஓர் எண் என்னும் முறையும் தமிழறிஞரால் வகுக்கப்பெற்றுள்ளது. தமிழ் அனைத்து எழுத்துக் குறியாக்கம் என்னும் அம்முறையையும் ஒருங்குறியையும் தமிழக அரசு 2010ஆம் ஆண்டு ஏற்று அறிவித்தது. ஆயினும் வலைப்பக்கங்களில் ஒருங்குறியே நிலைபெற்றுவிட்டது. ஆகவே இருக்கும் அமைப்பிலிருந்து சரியான எண்ணிக்கையைப் பெறும் வழியைத் தேடுவதே இன்று நாம் செய்யத்தக்கது.

2. பிழையால் விளையும் தீங்கு

எண்ணிக்கை கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். விண்ணப்பப் படிவங்களில் ‘500 எழுத்துகளுக்குள் எழுதுக’ என்னும் வரையறை இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். வலைப்பக்கத்தின் படிவப் பெட்டிகளில் நீள வரம்பு குறியிடக் கணக்கிலேயே அளக்கப்படுகிறது. அத்தகைய பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதுபவர்க்கு 500 எழுத்தும் கிட்டும். தமிழில் எழுதுபவரோ, ‘தமிழ்’ என்னும் சொல்லையே இடைவெளியின்றி எழுதிச் சென்றாலும், 100 முறை எழுதிய அளவில் வரம்பை எட்டிவிடுவார். அவர்க்குக் கிடைத்தவை 300 எழுத்துகளே. தாய்மொழியில் எழுதியமைக்காக ஒரு மாணவர் தம் கருத்தைச் சுருக்கிக்கொள்ள நேர்வது முறையாகுமா?

இதனினும் கொடிது எழுத்தை நடுவில் வெட்டுதல். ‘பாத்திமா’ என்னும் பெயரில் எழுத்து 4, குறியிடம் 8. ஏழு குறியிடத்தோடு நிறுத்துக என்று ஒரு நிரல் பணிக்கப்பட்டிருப்பின் இறுதிக் கால் மட்டும் வெட்டுண்டு ‘பாத்திம’ என நிற்கும். ‘கண்ணன்’ என்பதில் எழுத்து 4, குறியிடம் 6. ஐந்தோடு வெட்டினால் புள்ளி நீங்கிக் ‘கண்ணன’ என்றாகும். பதிவேட்டில் ஒரு முறை பிழைபட்ட பெயரைத் திருத்த ஒரு குடும்பம் எத்தனை அலுவலகப் படிகளை ஏற வேண்டியிருக்கும் என்பதை இங்குள்ள பெரியோர் நன்கறிவர். ஒரு புள்ளி போயிற்று என்று அமைதிகொள்ள இயலாது. மெய்க்குப் புள்ளியே இயல்பு என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி அன்றோ?

3. வலை உரைத்திருத்தி

வலைப்பக்கத்தில் எழுதுவதற்கும் எழுதியதைத் தடிப்பாக்குதல், சாய்த்தல், பத்தி பிரித்தல் முதலியன செய்வதற்கும் உதவும் கருவியே வலை உரைத்திருத்தி. கல்லூரி இணையத்தளத்தில் அறிக்கை ஏற்றுபவரும், இணையவழிப் பாடத்திட்டத்தில் ஒப்படைப்பு எழுதும் மாணவரும் இதனையே பயன்படுத்துகின்றனர். தட்டச்சுப்பொறியின் தாளும் விசையும் அச்சகத்தின் அழகும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தாற் போன்றது இது.

வலைப்பக்கம் தொடக்கத்தில் படிப்பதற்கே உரியதாக இருந்தது. 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியை ஆக்கினார். பக்கம் படிப்பவர் செயலுக்கு ஏற்ப மாறும் ஆற்றலை அதனாற் பெற்றது. 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 பதிப்பு, பக்கத்தின் ஒரு பகுதியை அங்கேயே திருத்தி எழுதும் வசதியைக் கொண்டுவந்தது. பின்னர்ப் பிற உலாவிகளும் அதனை ஏற்றன. ஆயினும் ஒரே விசையை அழுத்தினால் உலாவிக்கு உலாவி வெவ்வேறு விளைவு ஏற்பட்டது. அவ்வேறுபாடுகளை மறைத்து எல்லாவற்றிலும் ஒரே வகையில் இயங்குமாறு அமைக்கப்பெற்றவையே உரைத்திருத்திகள். 2003ஆம் ஆண்டில் எஃப்.சி.கே.எடிட்டர் வந்தது, அதுவே 2009இல் சி.கே.எடிட்டர் எனப் பெயர் பெற்றது. 2004இல் சுவீடன் நாட்டில் டைனி எம்.சி.இ. தோன்றியது. இக்கட்டுரையில் இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

4. செருகுநிரல் என்பது யாது?

வீடு கட்டும்போது மின்கம்பியைச் சுவருக்குள் பதித்து, ஆங்காங்கே செருகுதுளைகளை வைத்துவிடுகின்றனர். பின்னர் விசிறி வேண்டுவோர் விசிறியைச் செருகுவர். விளக்கு வேண்டுவோர் விளக்கைச் செருகுவர். எவரும் சுவரை இடிப்பதில்லை. உரைத்திருத்தியை ஆக்கியோரும் இத்தகைய துளைகளைத் தம் மென்பொருளில் வைத்துள்ளனர். அங்குப் பொருந்துமாறு பிறர் எழுதும் சிறு நிரலே செருகுநிரல் ஆகும்.

செருகுநிரலுக்கு மூன்று கடமைகள் உண்டு. முதலாவது, தன் பெயரைத் திருத்தியிடம் பதிவு செய்துகொள்ளுதல். இரண்டாவது, திருத்தியில் நிகழும் செயல்களைச் செவிமடுத்தல். விசை அழுத்தப்பட்டது, உரை ஒட்டப்பட்டது, செய்த செயல் மீட்கப்பட்டது என ஒவ்வொன்றையும் திருத்தி அறிவிக்கும். செருகுநிரல் தனக்கு வேண்டியவற்றை மட்டும் கேட்டுக்கொள்ளும். மூன்றாவது, பொத்தானாகவோ அடிவரியில் ஒரு குறிப்பாகவோ பயனர்க்குத் தன் பணியைக் காட்டுதல்.

நாம் ஆக்கக் கருதும் செருகுநிரலுக்கு ‘எழுத்தெண்ணி’ என்று பெயரிடுவோம். தட்டச்சிடும்போதே எழுத்து, சொல், குறியிடம் ஆகிய மூன்றையும் அடிவரியில் காட்டுதல் இதன் பணி. செய்யுள் எழுதுவோர்க்காக ஒற்று நீங்கிய எண்ணிக்கையை அடிதோறும் காட்டுதல் கூடுதல் பணி.

5. எழுத்தெண்ணியை ஆக்கும் முறை

முதலில் உரையைப் பெறுதல் வேண்டும். திருத்திக்குள் இருப்பது வெறும் உரை அன்று. தடிப்பு, சாய்வு, பத்தி முதலியவற்றைக் குறிக்கும் மறைகுறிகளும் உடன் இருக்கும். அவற்றை நீக்கி உரையை மட்டும் எடுத்துத் தருமாறு டைனி எம்.சி.இ. திருத்தியிடமே கேட்டுப் பெறலாம். ஆயினும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. பிற இடங்களிலிருந்து வரும் உரையில் ‘ழ’ ஒரு பகுதியிலும் அதன் புள்ளி தடிப்பாக்கப்பட்ட மற்றொரு பகுதியிலும் இருத்தல் கூடும். பகுதி பகுதியாக எண்ணினால் அப்புள்ளியே தனியெழுத்தாகிவிடும். எனவே ஒரு பத்திக்குள் அடங்கிய பகுதிகளை ஒன்றாக இணைத்த பின்னரே எண்ணுதல் வேண்டும். பத்திகளுக்கு இடையிலோ பிரிவு இருத்தல் வேண்டும். இன்றேல் ஒரு பத்தியின் இறுதிச்சொல்லும் அடுத்த பத்தியின் முதற்சொல்லும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது உரையைச் சீராக்குதல். ‘கொ’ என்னும் எழுத்தை இருவகையில் ஒருங்குறியில் எழுதலாம். ககரத்தின்பின் ஒகரக்குறி ஒன்றையே இடுவது ஒரு வகை. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. முதல்வகையில் ‘கொக்கு’ 6 குறியிடம். இரண்டாம் வகையில் 7. இரண்டையும் ஒரே வடிவாக்கும் சீராக்கமுறை ஒருங்குறியிலேயே வகுக்கப்பட்டுள்ளது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதற்கு ஆயத்தக் கட்டளையும் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத வெற்றுக்குறிகளை நீக்குதலும் இப்படியிலேயே நிகழ வேண்டும். இடஞ்சுட்டியை உரிய இடத்தில் நிறுத்துவதற்காகத் திருத்திகள் சில அத்தகைய குறிகளை உரைக்குள் வைப்பதுண்டு.

மூன்றாவதே எழுத்துகளைப் பிரித்தல். ஓர் அடிப்படைக் குறியையும் அதனைச் சார்ந்து வரும் குறிகளையும் ஒரு தொகுதியாகக் கொள்ளும் விதியை ஒருங்குறி அமைப்பு வகுத்துள்ளது. அவ்விதிப்படி உரையைப் பிரித்துத் தரும் கருவியான இன்டில் செக்மென்ட்டர் உலாவிகளிலேயே அமைந்துள்ளது. குரோம் உலாவியில் 2020ஆம் ஆண்டிலும், சஃபாரியில் 2021ஆம் ஆண்டிலும், பயர்பாக்ஸில் 2024ஆம் ஆண்டிலும் இது இடம்பெற்றது. இதன்வழிப் பிரித்தால் ‘தமிழ்’ மூன்றாகவே பிரியும்.

ஆயினும் பொதுவிதி எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. ‘க்ஷ’ என்பதைப் பொதுவிதி ‘க்’, ‘ஷ’ என இரண்டாகப் பிரிக்கும். வழக்கிலோ அது ஒரே வடமொழி எழுத்தாகக் கருதப்படுகிறது. ‘ஸ்ரீ’ என்பதும் இரண்டாகவே பிரியும். இவற்றை ஒன்றாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்பதை நிரலாளர் தாமே முடிவு செய்தல் தகாது. தமிழாசிரியரை உசாவி முடிவு செய்து, அம்முடிவை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும்.

ஒற்று நீங்கிய எண்ணிக்கைக்கு இன்னும் ஒரு விதி சேரும். புள்ளியோடு முடியும் தொகுதிகளையும் ஆய்தத்தையும் கழித்தல் வேண்டும். ‘நற்றமிழ்’ என்பதில் குறியிடம் 8, எழுத்து 5, ஒற்று நீங்கின் 3.

நான்காவது, எண்ணிக்கையைக் காட்டுதல். ஒவ்வொரு விசைக்கும் நூறு பக்கக் கட்டுரையை முதலிலிருந்து எண்ணினால் தட்டச்சு தடுமாறும். விசைகள் ஓய்ந்து ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் கழிந்தபின் எண்ணுதல் நன்று. வரம்பு மீறினால் எழுத்தெண்ணி உரையை வெட்டலாகாது. எச்சரிக்கை காட்டினால் போதும். எதனை நீக்குவது என்பது எழுதியவரின் உரிமை. குறியிட எண்ணிக்கையையும் உடன் காட்டுவதற்குக் காரணம் உண்டு. படிவத்தைப் பெற்றுக்கொள்ளும் மறுமுனைக் கணினி குறியிடக் கணக்கையே பின்பற்றுமாயின் எழுத்தெண்ணியால் அதனை மாற்ற இயலாது. இரு கணக்கும் கண்முன் இருப்பின் எழுதுபவர் ஏமாறமாட்டார்.

இறுதியாக ஓர் அறநெறி. திருத்தியில் எழுதப்படும் யாவற்றையும் படிக்கும் ஆற்றல் செருகுநிரலுக்கு உண்டு. அந்தரங்கக் கடிதமாயினும் தேர்வு விடையாயினும் அதற்கு மறைவில்லை. பிறர் எழுத்து நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகும். எண்ணுதல் கணினிக்குள்ளேயே நிகழ வேண்டும். ஒரு சொல்லும் வெளியே செல்லலாகாது.

6. சோதனை

நெதர்லாந்து நாட்டுக் கணினியறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, சோதனையால் பிழை உண்டு என்பதைக் காட்டலாமேயன்றிப் பிழையே இல்லை என்பதைக் காட்ட இயலாது என்னும் கருத்தை வலியுறுத்தினார். ஆதலின் ‘நன்றாக இயங்குகிறது’ என்று மகிழ்வதற்காகச் சோதித்தல் பயனற்றது. எங்கே தடுக்கி விழும் என்று தேடிச் சோதித்தலே சோதனை. எழுத்தெண்ணியை மூன்று நிலைகளில் சோதிக்கலாம்.

முதல் நிலை, சொற்சோதனை. திருத்தி ஏதுமின்றி, எண்ணும் பகுதியை மட்டும் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லையும் வரவேண்டிய விடையையும் முன்னரே எழுதி வைத்துக்கொண்டு, கிடைக்கும் விடையோடு ஒப்பிட வேண்டும். சில காட்டுகள் வருமாறு:

அ) ‘தமிழ்’: எழுத்து 3, ஒற்று நீங்க 2.
ஆ) ‘கொக்கு’: இருவகைக் குறியீட்டிலும் எழுத்து 3, ஒற்று நீங்க 2.
இ) ‘அஃது’: எழுத்து 3, ஒற்று நீங்க 2.
ஈ) ‘ஔவை’: எழுத்து 2.
உ) வெற்றுரை: எழுத்து 0, சொல் 0.

இவற்றுள் ‘அஃது’ சிறப்பாகக் கருதத்தக்கது. ஒருங்குறிப் பட்டியல் ஆய்தத்திற்கு விசர்க்கம் என்று பெயரிட்டுள்ளது. வடமொழி விசர்க்கம் முன்னெழுத்தைச் சார்ந்து நிற்பது. அப்பெயரை நம்பி நிரல் எழுதுபவர் ஆய்தத்தை அகரத்தோடு ஒட்டிவிட்டால் ‘அஃது’ இரண்டெழுத்தாகிவிடும். தமிழில் ஆய்தம் தனித்து எண்ணப்படுவது என்பதை அறிந்தவரே இச்சொல்லைச் சோதனைப் பட்டியலில் சேர்ப்பார்.

‘ஔவை’யும் அத்தகையதே. பலர் ஔகாரத்திற்கு ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சிடுகின்றனர். கண் ஏமாறும், கணினி ஏமாறாது, அது மூன்று எழுத்து என்றே கூறும். இங்குக் கணக்குச் சரி, எழுத்துப் பிழை. சீராக்க முறையாலும் இது திருந்தாது. எழுத்தெண்ணி இதனைச் சுட்டிக்காட்டுமாயின் மாணவர்க்குப் பெரும்பயன் விளையும். ஆனால் தானே மாற்றிவிடலாகாது. எழுதியவர் கருதியது யாதென்பதை அவரே கூற வேண்டும்.

இரண்டாம் நிலை, செயற்சோதனை. செருகுநிரலைத் திருத்திக்குள் பொருத்தி, மனிதர் செய்யும் செயல்களையெல்லாம் செய்து பார்த்தல் வேண்டும். ‘தமிழ்’ என்று எழுதிப் பின்னழிப்பு விசையை ஒரு முறை அழுத்தினால் பெரும்பாலான உலாவிகளில் புள்ளி மட்டும் நீங்கித் ‘தமிழ’ என நிற்கும். அப்போதும் எழுத்து 3 என்றே காட்ட வேண்டும். ஒற்று நீங்கிய எண்ணிக்கையோ 2 என்பதிலிருந்து 3 ஆக உயர வேண்டும். ஒன்றை அழித்தபின் எண்ணிக்கை உயர்வது பிழைபோலத் தோன்றினும் இலக்கணப்படி அதுவே சரி. செயலை மீட்டால் பழைய எண்ணிக்கை திரும்ப வேண்டும். ஒரு பக்கத்தை நகலெடுத்து ஒட்டினால் உடனே எண்ணிக்கை மாற வேண்டும். ஒரு சொல்லைத் தடிப்பாக்கினால் எண்ணிக்கை மாறவே கூடாது.

இச்செயல்களை ஒவ்வொரு முறையும் கையால் செய்தல் சலிப்பூட்டும். உலாவியைத் தானே இயக்கிச் சோதிக்கும் கருவிகள் இதற்கு உண்டு. 2004ஆம் ஆண்டில் தோன்றிய செலினியமும் 2020ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட்டும் அத்தகையன. நிரலில் ஒரு வரி மாறினாலும் பழைய சோதனைகள் அனைத்தையும் மீண்டும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். புதிய திருத்தம் பழைய நன்மையைக் கெடுத்ததா என்பது அப்போதே தெரியும்.

மூன்றாம் நிலை, பயனர் சோதனை. ஒருவர் 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் எழுதுவார். மற்றொருவர் ஆங்கில ஒலிப்புமுறையில் எழுதுவார். வேறொருவர் கைப்பேசியில் விரலால் எழுதுவார். ஒலிப்புமுறையிலும் கைப்பேசியிலும் ஒரு சொல் முற்றுப்பெறும் வரை குறிகள் மாறிக்கொண்டே இருக்கும். இடையில் எண்ணினால் எண்ணிக்கை துள்ளும். சொல் நிலைபெற்றதை உலாவி அறிவித்தபின் எண்ணுதலே தக்கது.

நம் கல்லூரி போன்ற இடங்களில் மற்றொரு சோதனையும் இன்றியமையாதது. இசுலாமியத் தமிழிலக்கியம் பற்றி எழுதும் மாணவர் தமிழுக்கிடையே அரபுத் தொடர்களை எழுதுவார். தமிழ் இடமிருந்து வலமாகச் செல்லும். அரபு வலமிருந்து இடமாகச் செல்லும். அரபு எழுத்தின் மேலும் கீழும் இடப்படும் உயிர்க்குறிகளும் கணினிக்குத் தனிக்குறியிடங்களே. அவையும் தம் எழுத்தோடு சேர்த்து எண்ணப்பட வேண்டும். இரு திசை உரை உள்ள பத்தியில் இடஞ்சுட்டி எங்கு நின்றாலும் எண்ணிக்கை மாறாதிருக்க வேண்டும்.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கட்டுரைகள் பலரிடம் உள்ளன. ஒருங்குறிக்கு முந்தைய அவ்வெழுத்துருக்கள் சில, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவற்றை ஒட்டினால் எழுத்தெண்ணி பொருளற்ற எண்ணிக்கை தரும். அந்நிலையில் தவறான எண்ணைக் காட்டுவதினும், ‘இவ்வுரை ஒருங்குறியில் இல்லை’ என்று கூறுவதே நேர்மை.

7. தமிழ்த்துறைக்கு உரிய பங்கு

மேற்கூறியவற்றை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். எழுத்தெண்ணியின் நிரல் நீண்டதன்று. ஜாவாஸ்கிரிப்ட் பயின்ற கணினி அறிவியல் மாணவர் சில நாட்களில் எழுதிவிடுவார். அரியது எது எனின் சோதனைப் பட்டியலே. ‘அஃது’ என்பதை ஏன் சேர்க்க வேண்டும், ‘ஔவை’யை எத்தனை வகையில் எழுதக்கூடும், ஆய்தம் ஒற்றோடு கழிக்கப்படுமா என்பன நிரலாளர் நூல்களில் இல்லை, எழுத்ததிகாரத்திலும் யாப்பருங்கலக் காரிகையிலும் உள்ளன.

தமிழ் படித்தோர்க்குக் கணினித்துறையில் வேலை யாது என்று நம் மாணவர் வினவுகின்றனர். பெற்றோரும் அக்கவலையோடு தம் பிள்ளைகளை வேறு துறைகளுக்கு அனுப்புகின்றனர். வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி இங்கே உளது. தமிழ்த்துறை மாணவர் இருவரும் கணினித்துறை மாணவர் இருவரும் ஒரு பருவத்தில் கூடி அமர்ந்தால் எழுத்தெண்ணி போன்ற ஒன்றை ஆக்கி முடிக்கலாம். முன்னவர் 200 சொற்கள் கொண்ட சோதனைப் பட்டியலை விடையோடு தொகுத்தளிக்க, பின்னவர் நிரல் எழுதலாம். பட்டியல் நிரலினும் நெடுநாள் வாழும். நாளை வேறு திருத்தி வந்தாலும் அதே பட்டியல் பயன்படும். டைனி எம்.சி.இ. 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏழாம் பதிப்பு கட்டற்ற பொது உரிமத்தின்கீழும் கிடைக்கிறது. பயில்வதற்குப் பொருட்செலவும் இல்லை. அவ்வுரிமத்தின் விதிகளைப் படித்து, ஆக்கியதைப் பிறர்க்கும் வழங்குதல் கடமை.

இவ்விடத்தில் மாணவர்க்கு ஒரு பயிற்சி கூறலாம். தம் பெயரையும் பெற்றோர் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றிலும் எழுத்து எத்தனை, குறியிடம் எத்தனை, ஒற்று எத்தனை என எண்ணிப் பார்க்க. பின்னர் இணையப் படிவம் ஒன்றில் இட்டு அது காட்டும் எண்ணோடு ஒப்பிடுக. வேறுபாடு காணின் அதற்குரிய காரணத்தை எழுதுக. அவ்வாறு எழுதப்பெறும் முதல் தாளே எழுத்தெண்ணியின் சோதனைப் பட்டியலுக்குத் தொடக்கமாகும்.

நிறைவுரை

ஓலையிலிருந்து தாளுக்கு எழுத்து மாறியபோது, ஓலையில் இடாது விடுத்த புள்ளியை அச்சில் இட்டு, ஏட்டுப்பிழை களைந்து நூல்களைப் பதிப்பித்தோர் தமிழ் கற்றோரே. தாளிலிருந்து திரைக்கு எழுத்து மாறும் இக்காலத்திலும் அப்பணி முடிந்துவிடவில்லை. கணினிக்கு எண்ணத் தெரியும். எதனை எண்ணுவது என்பது தெரியாது. அதனைக் கற்பிக்க வேண்டியவர் எழுத்தெண்ணிப் படித்தவரே. ஒரு சிறு செருகுநிரலால் ஒரு மாணவர்க்கு 500 எழுத்து என்றால் 500 எழுத்தே கிடைக்குமாயின், ஒரு குழந்தையின் பெயர் பதிவேட்டில் காலும் புள்ளியும் குறையாமல் நிற்குமாயின், அவ்வுழைப்பு வீண் போகாது.